மூன்று கிலோ

எந்த வீட்டில் பாவு ஏறுகிறதென்று
சேட்டுக்குத் தெரியுமுன் எனக்குத் தெரியும்.
அரைக் கிலோ கேட்டால் குழம்பு.
மூன்று கிலோ கேட்டு, அதையும்
அழுத்தி அழுத்திச் சாறு பார்த்துப் பொறுக்கினால்
நாளை விடியலில் அந்தச் சந்துக்குள்
என் வண்டி போகாது.

இந்த முனை மசூதிச் சுவர்
அந்த முனை மின்கம்பம்
நடுவே இடுப்புயரத்தில் நூல்.
ரயீசாவும் அவள் நாத்தனாரும்
இரு பக்கமும் நடந்து நடந்து நீவுகிறார்கள்
வேர்த்தூரிகையால்.
அரிசிக் கஞ்சி, அதில் என் வெங்காயச் சாறு.
மயிரைவிட மெல்லிய இழை
இதைக் குடித்தால்தான்
தறியின் அடிக்கு அறாமல் நிற்குமாம்.
ஆடுகள் குனியாமலே கடந்து போகின்றன.
நான் தராசோடு காத்திருக்கிறேன்.

கைத்தூனில் இருபது வருடமாக விற்கிறேன்.
விற்கிறவன் அழுவதில்லை.

அந்த வருடம் தீபாவளி கழிந்து
கிலோ தொண்ணூறு ஆனது.
கோட்டா நகரத்து விடுதிச் சமையல்காரர்கள்
மொத்தச் சந்தையிலேயே மூட்டைகளை மறித்தார்கள்.
பொறியியல் பரீட்சைக்கு வட்டம் கறுக்கும் பிள்ளைகள்
வெங்காயம் இல்லாமல் சாப்பிட மாட்டார்களாம்.
இங்கே அடுப்புகளில்
வதங்கும் வாசனை நின்றுபோனது.
சந்துகளில் மட்டும் இருந்தது அது
பச்சையாக, ஈரமாக, யாரும் தின்னாமல்.

அக்தரியின் மாமனார்
மதியம் யாருமில்லாத நேரம் பார்த்து வந்து
ஒன்றே ஒன்று வாங்கிச்
சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.
"ரொட்டிக்குக் கடித்துக்கொள்ள, லாதுலால்.
மருமகளிடம் சொல்லிவிடாதே,
பிடுங்கி நூலுக்கு ஊற்றிவிடுவாள்."

ரயீசா முளைவிட்டதைக் கேட்டாள், பாதி விலைக்கு.
முளைத்ததில் சாறிருக்காது என்றேன்.
உனக்கு நூலைப் பற்றி என்ன தெரியும் என்றாள்.
உனக்கு வெங்காயத்தைப் பற்றி என்றேன்.
கடைசியில் கடன்.
மாசி பிறக்கையில் சிட்டையில்
ஆயிரத்து நூற்று எழுபத்து மூன்று.
எதிரே நின்று தலைகீழாகவே படித்து
"மூன்று ரூபாய் அதிகம்" என்றாள்.
கட்டத்துக்குப் பதினாலு இழை
எட்டுப் பருத்தி, ஆறு பட்டு
குறுக்கே முந்நூறு கட்டம்
இதையெல்லாம் விரலில் வைத்திருப்பவள்.
கூட்டிப் பார்த்தேன். மூன்று ரூபாய் அதிகம்தான்.

பிறகு சேட்டு ஒரு சேலையைத் திருப்பினார்.
மாதுளை நிறம் கேட்டாராம்.
சாயக்காரன் பிசகில்
வந்தது வெங்காயத் தோலின் நிறம்.
அதை என் வண்டியில், தராசுத் தட்டில் வைத்தாள்.
"நாலாயிரம். உன் கடன் போக
மிச்சத்துக்கு வெங்காயம் தா."
வண்டியைத் தள்ளிக்கொண்டு நாலு வீடு தாண்டிய பிறகே
கடன்காரன் நான் என்று உறைத்தது.

தாப்பு அதை விளக்குக்கு எதிரே பிடித்தாள்.
சல்லடைக்குப் பின்னே போல
கட்டம் கட்டமாக அவள் சிரிப்பு.
நான் முகர்ந்து பார்த்தேன். ஒன்றுமில்லை.
"நீயே வெங்காயம், உனக்கு எங்கே தெரியும்"
என்றாள் என் மனைவி.
முதல் தண்ணீரில் அலசியபோது
வாளியில் மங்கலாக இறங்கியது
என் மூன்று கிலோ.
வேம்பின் காலில் கொட்டிவிட்டு
கொடியில் போட்டாள்.
விறைப்பெல்லாம் போய்
இருக்கிறதா இல்லையா என்று
கையால் தொட்டுப் பார்க்க வேண்டியிருந்தது.

விலை இறங்கிய வாரம்
ரயீசா வண்டியை நிறுத்தினாள்.
"அரைக் கிலோ."
அரைக் கிலோவா?
"அரைக் கிலோதான். காதில் விழவில்லையா?"
நிறுத்துவிட்டு மேலே ஒன்று போட்டேன்.
எடுத்துத் திரும்பக் குவியலில் வைத்தாள்.
பத்தடி போய்த் திரும்பி
"நாளைக்கு மூன்று. இன்றே கொண்டுவந்து கொடு,
காலையில் இந்தப் பக்கம் வராதே" என்றாள்.